ஊசி போடும் நாளில் பிள்ளையை எப்படிப் பிடிப்பது?

"சேட்டை பண்ணினா டொக்டரய்யாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்!" லயத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் குறைவு. பயங்காட்டினால் பிள்ளை அடங்கும், உண்மைதான். ஆனால் அதே பிள்ளை பிறகு காய்ச்சல் வந்தாலும் டிஸ்பென்சரிப் பக்கம் வர மறுக்கும். பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாமல் கிளினிக் நாளைத் தள்ளிப்போடும் தாய்மாரும் இருக்கிறார்கள். சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் பெயர் வாங்கிய இலங்கையில், 2023இல் அந்த நோய் திரும்பவும் பரவியது. ஆகவே ஊசி தவறக்கூடாது. வலியைக் குறைக்கத்தான் வழி பார்க்க வேண்டும். அதற்குக் காசும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

கைப்பிள்ளைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று ஒரு காலத்தில் பெரிய டொக்டர்மாரே எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியதில், இந்தியாவில் பிறந்த டொக்டர் கே.ஜே.எஸ். ஆனந்த் இங்கிலாந்தில் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பெரும் பங்குண்டு.

பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பாலே நல்ல வழி. ஊசிக்குச் சற்று முன்பே மார்பில் போட்டு, ஊசி ஏறும்போதும் பிறகும் குடிக்க விடுங்கள். சப்புவதும், பாலின் ருசியும், தாயின் உடம்புச் சூடும் சேர்ந்து வலியைத் தணிக்கும். உலக சுகாதார நிறுவனமும் 2015இல் இதைச் சொல்லியிருக்கிறது. "மிஸ்ஸி, பால் குடுத்துக்கிட்டே இருக்கேன், போடுங்க" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். நம்ம ஊர்க் குளிரில் பிள்ளையை முழுசாக அவிழ்க்கவும் தேவையில்லை. தொடையை மட்டும் திறந்தால் போதும்.

அரைப் பேர் போய்விடுமே என்று பாட்டி கையில் பிள்ளையைக் கொடுத்தனுப்புவதும் நடக்கிறது. குறை சொல்லவில்லை. பாட்டி மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடட்டும். படுக்கவைத்து நாலு பேர் அமுக்கினால் வலியைவிடப் பயமே கூடும்.

பேச்சு விளங்கும் வயதுப் பிள்ளையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த முறை நம்பாது. "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அம்மா பிடிச்சிருக்கேன்" என்றால் போதும். விரலை மெழுகுவர்த்தி மாதிரி நீட்டி, ஊதி அணைக்கச் சொல்லுங்கள். ஊதுகிற நேரத்தில் ஊசி முடிந்துவிடும்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ தைலம் பூசவோ வேண்டாம். அழுகை நிற்கட்டும் என்று தேன் தொட்டு வைப்பது ஒரு வயதுக்குள் ஆபத்து.

சுடுதண்ணிக் காயத்துக்குக் கட்டு மாற்றுவது, தையல் போடுவது போன்ற பெரிய வலிக்கு இவை மட்டும் போதாது. டிக்கோயாவோ நுவரெலியாவோ, எந்த ஆஸ்பத்திரியானாலும், "கட்டு அவிழ்க்க முந்தி வலிக்கு மருந்து குடுப்பீங்களா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆறாம் தரத்துப் பெண் பிள்ளைகளுக்கு 2017 முதல் பள்ளிக்கூடத்தில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். அன்று காலையில் வெறும் தேத்தண்ணியோடு அனுப்பாமல் சாப்பிட வைத்து அனுப்புங்கள். ஊசியை உட்கார்ந்தே போட்டுக்கொண்டு, முடிந்ததும் கால்மணி நேரம் எழும்பாமல் இருக்கச் சொல்லுங்கள். மயங்கி விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.