பரணில் கிடக்கும் பித்தளை ஸ்டவ்

எரிவாயு வருமுன் பாட்டிமாரின் சமையலறையில் இரைந்த பம்பு ஸ்டவ்வை அறிவீர்களா? 1892இல் சுவீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய 'பிரைமஸ்' அடுப்பின் வழிவந்தது அது. காற்றடித்தால் மண்ணெண்ணெய் மேலேறி, சூடான பர்னரில் ஆவியாகி, நீலச் சுடராய் எரியும், திரி தேவையில்லை.

அதன் பழமையை அறிவது எப்படி? முதலில் தொட்டியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு, பித்தளையில் ஒட்டாது. அடுத்து முத்திரையைப் படியுங்கள். பிரைமஸ் நிறுவனம் 1911 முதல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைப் பொறித்தது. நசுங்காத தொட்டியும், மாற்றப்படாத பம்பும் பர்னரும் இருந்தால் மதிப்பு மிகும்.

பழைய பாத்திரக் கடையில் பித்தளையின் எடைக்கே விலை கிடைக்கும், வயதுக்குக் கிடைக்காது. ஆகவே நம் கம்மாபுரத்துப் பரண்களில் ஒன்று அகப்பட்டால், எடைக்குப் போடுமுன் துடைத்துப் பாருங்கள். ஆனால் பற்றவைக்க வேண்டாம். தேய்ந்த வாஷர் விபத்தில் முடியும். அதனருகே வெந்தவர் நம் பாட்டிமார். அந்த உழைப்புக்கு அது சாட்சியன்றோ!