வளர்ந்த மகட்குக் கூறும் அறிவுரை

அறிவுரை கூறுதல் எளிது. கேட்போர் நெஞ்சிற் புகும்படி கூறுதல் அரிது. அதிலும் சிறு மகவுக்குக் கூறும் முறை ஒன்று. வளர்ந்த மகட்குக் கூறும் முறை மற்றொன்று. கைப்பிடித்து நடத்திய காலத்துச் சொற்களையே, அறிவு முதிர்ந்து தன்காலில் நிற்கும் மகட்கும் சொல்லுவோமாயின், அவள் எதிர்மொழி கூறாது கேட்பாள், கேட்டும் உட்கொள்ளாள். மேல்வகுப்பு மாணாக்கியர்க்குக் கடிதம் எழுதப் பயிற்றும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும். அதனை விளக்குதற்கு, ஸ்ரீ ஜவஹர்லால் நேரு அவர்கள் தம் ஏகபுத்திரியாகிய இந்திராவுக்கு எழுதிய கடிதங்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். இந்த இந்திராவே பின்னாளில், 1966-ம் ஆண்டில், இந்தியாவின் பிரதம மந்திரியாயினவர்.

1930-ம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 26-ந் திகதி, மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளைக் குறித்து நைனிச் சிறைச்சாலையிலிருந்து நேரு ஒரு கடிதம் வரைந்தார். சிறையிலிருப்பவர் மகட்குக் கொடுக்கத்தக்க பரிசு யாது? மதிலைக் கடந்து செல்லவல்லது மனத்தாற் கொடுக்கும் பரிசு ஒன்றே. ஆதலால் அறிவுரை எழுத விரும்பினார். விரும்பியவுடனே அதற்கு அஞ்சவுஞ் செய்தார். பிரசங்கம் செய்தல் தமக்கு உவப்பன்று என்பதை அக்கடிதத்திலேயே ஒப்புக்கொள்ளுகின்றார்.

அவ்விடத்து அவர் நினைவூட்டும் கதை ஒன்று உண்டு. பாரத தேசத்துக்கு வந்த சீன யாத்திரிகராகிய ஹியூன் சாங் எழுதிவைத்தது அது. ஒருவன் தன் வயிற்றைச் சுற்றிச் செப்புத் தகடுகளைக் கட்டி, தலைமேல் எரியும் பந்தமொன்றைத் தாங்கித் திரிந்தான். காரணம் வினாவியவர்க்கு, தன் அறிவின் மிகுதியால் வயிறு வெடித்துவிடாதபடி தகடு கட்டியதாகவும், இருளிற் கிடக்கும் அறிவிலார்மேல் இரங்கி விளக்குத் தாங்கியதாகவும் விடை பகர்ந்தான். அத்தகைய அபாயம் தமக்கு இல்லையென்றும், ஆதலாற் செப்புத்தகடு தமக்கு வேண்டுவதில்லையென்றும் நேரு நகையோடு எழுதுகின்றார். ஒருவர் உரைக்க மற்றவர் வாளா கேட்டிருத்தலினும், இருவரும் கூடி உரையாடுதலினாலேயே உண்மை சிறிதாயினும் வெளிப்படும் என்பது அவர் கருத்து.

ஆயினும் அவர் அறிவுரை கூறாது விட்டாரல்லர். ஒன்றே ஒன்று கூறினார். செய்யத்தக்கது எது, தகாதது எது என்னும் ஐயம் நேருமிடத்து, மறைத்துச் செய்ய வேண்டியதாகத் தோன்றும் எதனையும் செய்யாதொழிக என்பதே அது. மறைக்கும் எண்ணம் அச்சத்திற் பிறப்பது, அச்சம் இழிவு, துணிவுடையார்க்கு மற்றைய நலங்கள் தாமே வந்தெய்தும் என்றார். இதன் சிறப்பை ஆசிரியர்கள் ஊன்றி நோக்குக. இதனைச் செய், அதனைச் செய்யாதே என்று தந்தை பட்டியல் வகுத்திலர். மகள் தானே தன்னை அளந்துகொள்ளுதற்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தார். பட்டியல் தந்தை கண்ட இடங்களுக்கு மாத்திரம் உதவும்; அளவுகோலோ அவர் காணாத இடங்களுக்கும் உதவும்.

1931-ம் ஆண்டில், தம் தந்தையார் மோதிலால் நேரு இறந்தபின், நேரு தம் மனைவியோடும் மகளோடும் இளைப்பாறும்பொருட்டு நமது இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்கு அணித்தாக ஒரு பாடசாலையின் ஆசிரியரும் மாணவரும் அவர் மோட்டார் வண்டியை நிறுத்தி வரவேற்றதையும், மாணவனொருவன் அணுகிக் கைகொடுத்துத் தான் தளரமாட்டேன் என்று சொல்லியதையும் தம் சுயசரிதத்திற் குறித்திருக்கின்றார். நேரு அவனுக்கு உபதேசித்ததாக அங்கே ஒன்றுமில்லை; அவன் முகத்தை மறவாமையே அவன் பெற்ற ஊக்கமாயிற்று. பின்னர் மீண்டும் சிறை புகுந்த நேரு, நூல்நிலையத்தின் உதவியில்லாத அவ்விடத்திருந்தே உலக சரித்திரத்தை மகட்குக் கடிதங்களாக எழுதினார். 1933-ம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் முடிவெய்திய அவை மொத்தம் 196.

அறிவுரைக்கு உண்மையான சோதனை 1942-ம் ஆண்டில் வந்தது. அப்பொழுது இந்திராவுக்கு வயது இருபத்து நான்கு. பார்ஸி மரபினராகிய பெரோஸ் காந்தியை மணப்பதென அவர் துணிந்தார். தந்தை உடனே உவந்தாரல்லர். ஆற அமர ஆராயும்படி கூறினார். மகளின் துணிவு மாறாமை கண்டு இசைந்தார். ஊரார் பலர் பழித்துரைத்தபொழுது, மணவிஷயத்திற் பெற்றோர் அறிவுரை கூறலாம், கூறவும் வேண்டும், ஆயினும் முடிவு செய்தற்குரியார் மணப்போரே என்று அறிக்கை வெளியிட்டார். மார்ச்சு மாதம் 26-ந் திகதி நிகழ்ந்த மணத்தில் மகள் உடுத்த சேலை, தந்தை சிறையில் நூற்ற நூலால் நெய்யப்பட்டது. இம்மணம் நம் வழக்கோடு பொருந்துமோ என்று ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமன்று. தந்தை தம் கருத்தை ஒளியாது கூறினார். கூறியபின் மகளைக் கைவிட்டிலர். அந்நிலையே நாம் கற்கவேண்டுவது.

இதனை யாம் காலந்தாழ்த்தே கற்றோம். எம் மகள் ஆசிரியப் பயிற்சி முடித்து, கிழக்கு மாகாணத்துக் கிராமப் பாடசாலையொன்றில் முதல் உத்தியோகம் ஏற்றுச் சென்றபொழுது, நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினோம். இன்ன நேரத்தில் எழு, இன்னாரோடு பேசாதே, சம்பளத்தில் இத்துணை சேமி என விதிகள் இருபதுக்கு மேல் அதில் இருந்தன. மறுமொழி நான்கே வரி: தான் சுகம், ஐயா சொன்னபடி நடப்பேன். அதுகண்டு யாம் மகிழ்ந்தோம். எம் மனையாளோ, 'பிள்ளை அங்கே தனிமையாய் இருக்கிறாள். அதை ஒரு சொல்லாவது கேட்டீர்களா?' என்றாள். அடுத்த கடிதத்தில் விதியொன்றும் எழுதிலேம். வகுப்பிற் பிள்ளைகள் எத்தனை பேர், எப்பாடம் கடினமாயிருக்கிறது என்று வினாவி, எம் முதலாண்டில் யாம் செய்த பிழைகளையும் எழுதினோம். ஆறு பக்க விடை வந்தது. வேலையை விட்டு வீடு திரும்ப எண்ணியிருந்ததையும், இனி அவ்வெண்ணம் இல்லையென்பதையும் அதில் எழுதியிருந்தாள். முதற் கடிதத்தைப் போலவே இரண்டாவதையும் எழுதியிருப்போமாயின், அவள் துயரை ஒருபொழுதும் அறிந்திரேம்.

வகுப்பிலே இதனைப் பயிற்றுமாறு: தூரத்தே தொழில்புரியும் மகட்குத் தாயேனும் தந்தையேனும் எழுதுவதாக ஒரு கடிதம் வரையச் செய்க. பின்னர் ஒவ்வொருவரும் தம் கடிதத்தை மூன்று வினாக்களாற் சோதிக்க. மகளை நோக்கி ஒரு வினாவேனும் இதில் உண்டோ? கூறிய அறிவுரைக்குக் காரணம் காட்டப்பட்டதோ? அவள் வேறு முடிவு செய்யினும் எம் அன்பு மாறாது என்பது விளங்குகின்றதோ? இம்மூன்றும் அமைந்த கடிதத்துக்கே நிறைந்த புள்ளி கொடுக்க. இன்று மாணாக்கியராயிருப்போர் நாளை தாயராவர். அவர் எழுதப்போகும் கடிதங்களுக்கு இன்றே வித்திடுவோமாக.