சார்டாஷ் வாசிக்கப் போகும் பேத்திக்கு

சுங்கை சிப்புட்

அன்புள்ள கண்ணு,

ஈப்போ வகுப்பில் உனக்கு மோன்ட்டியின் ‘சார்டாஷ்’ கொடுத்திருக்கிறார்களாமே. போனில் வாசித்துக் காட்டச் சொன்னால் நேராக வேகப் பகுதிக்கே போய்விட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

‘சார்டா’ என்றால் ஹங்கேரியில் வழிப்போக்கர் தங்கும் சாவடி. அங்கே வயலின் வாசித்தவர்களில் ரோமா இனத்தார் பெயர்பெற்றவர்கள். ஆனால் 1904 வாக்கில் இந்தத் துண்டை எழுதிய விட்டோரியோ மோன்ட்டி இத்தாலியின் நேப்பிள்ஸ்காரர். அவருக்கும் அது அயலூர்ப் பாணிதான். ஆனாலும் அதைப் பிடித்தார். நீயும் பிடிக்கலாம்.

மெதுவாக வரும் தொடக்கத்தை ‘லாஷு’ என்பார்கள். அதை ஆலாபனையாக நினைத்துக்கொள். ஹார்மோனிக் மைனர் என்று நீ தினமும் வாசிக்கும் ஸ்கேலில் இருப்பவை நம் கீரவாணியின் ஏழு சுரங்களே. அதில் மத்திமத்தை மட்டும் பிரதி மத்திமமாக மாற்றினால் சிம்மேந்திரமத்திமம்; மேற்கே அதற்குப் பெயர் ‘ஹங்கேரியன் மைனர்’. ஆனால் பாட்டு வகுப்புக் கமகத்தை இங்கே கொண்டுவராதே. சுரம் நின்ற இடத்தில் நின்று அதிர்ந்தால் போதும். ஜி தந்தியின் கனமான குரல் அறை முழுக்க நிறையட்டும். மிருதங்கம் போலப் பியானோ உன்னைத் தாளத்தில் இழுத்துச் செல்லாது. இங்கே அது உன் மூச்சைப் பார்த்துக் காத்திருக்கும். அவசரப்பட்டால் அந்தக் காத்திருப்பு வீணாகிவிடும்.

வேகப் பகுதிக்குப் பெயர் ‘ஃபிரிஷ்’. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை; மெதுவாகச் சாதகம் செய்தால் வேகம் தானாக வரும்.

கடினம் நடுவில் இருக்கிறது. மேஜருக்கு மாறியபின் மெல்லிய சீழ்க்கை போல வரும் ஹார்மோனிக்ஸ். ஆள்காட்டி விரல் தந்தியை அழுத்த வேண்டும். சுண்டுவிரல் மேலே, அழுத்திய சுரத்தையும் சேர்த்து எண்ணி நான்காவதாக வரும் சுரத்தின் இடத்தைத் தொட மட்டும் வேண்டும். அப்போதுதான் அழுத்திய சுரம் இரண்டு ஸ்தாயி மேலே ஒலிக்கும். பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியதைச் சொல்லியிருக்கிறேனே. கத்தி பட்டையில் ஆழமாய் இறங்கினால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் வராது. அந்த அளவு அவள் கைக்குத் தெரிந்திருந்தது. உன் சுண்டுவிரலும் அப்படிப் பழகட்டும். வில்லை வயலினின் பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் நகர்த்து, சீராக இழு.

ஞாயிற்றுக்கிழமை வயலினோடு வா. முதல் பக்கம் மட்டும் வாசி, தாத்தா கேட்கிறேன்.

அன்புடன்,
தாத்தா