எந்தக் கணக்கிலிருந்து என்று கேளுங்கள்

மன்றக் கூட்டம் நடக்கும்போது ஆணையருக்குப் பின்னால் ஃபைல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். யாராவது தொகை கேட்டால் ஆணையர் தலையை லேசாகத் திருப்புவார். இவர் குனிந்து காதருகே சொல்வார். அந்த ஆளாக நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். வீதிவீதியாக ஓட்டுக் கேட்ட கஷ்டம் உங்களுடையது, அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஜெயித்து உள்ளே வந்தபின் நடப்பது தெரியும். முதல்முறை கவுன்சிலராகிற தம்பிகளும் தங்கைகளும் கேட்டால் சொல்லலாம் என்று வைத்திருந்ததை எழுதுகிறேன். எண் போட்டிருப்பது பழக்கதோஷம். பொருள் எண் போட்டே தேய்ந்த கை.

1. அஜெண்டாவை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் அலுவலக உதவியாளர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். பாதிப் பேர் அதைக் கூட்ட மண்டபத்தில்தான் முதன்முதலாகத் திறக்கிறார்கள். அதற்குள் பொருள் எண் இருபதைத் தாண்டியிருக்கும். மீதி எல்லாம் ஒருமனதாக நிறைவேறியதென்று தலைவர் எழுந்துவிடுவார். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. 'பின்னேற்பு' என்ற சொல் எங்கே வருகிறதென்று முதலில் தேடுங்கள். வேலை முடிந்துவிட்டது, பணமும் போயிருக்கலாம், உங்கள் தலையசைப்புதான் பாக்கி என்று அதற்குப் பொருள். எல்லாப் பின்னேற்பும் தப்பில்லை. சித்திரை வெயிலில் நீரேற்று மோட்டார் எரிந்தால் மன்றம் கூடும்வரை ஊர் தாகத்தோடு காத்திருக்காது. ஆனால் பூங்கா நடைபாதைக்குப் பேவர் பிளாக் பதித்ததற்கும் 'அவசர அவசியம் கருதி' என்று குறிப்பு எழுதியிருந்தால், அந்த அவசரம் யாருடையது என்று கேட்பது உங்கள் வேலை. அடுத்து, கூட்டத்தன்று மேசையில் வைக்கப்படும் கூடுதல் பொருள்கள். படிக்க நேரம் வேண்டும், ஒத்திவையுங்கள் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

2. எவ்வளவு என்பதற்கு முன்னால், எந்தக் கணக்கிலிருந்து என்று கேளுங்கள்.

இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதும் என்பேன். நகராட்சிக்கு ஒரே கஜானா என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். வருவாய் மற்றும் மூலதன நிதி ஒன்று, குடிநீர் வடிகால் நிதி ஒன்று, ஆரம்பக் கல்வி நிதி ஒன்று எனத் தனித்தனிக் கணக்குகள் உண்டு. இவற்றுக்கு மேல், இதற்குத்தான் செலவிட வேண்டும் என்று கட்டிப்போட்டு வரும் மானியங்கள். 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதி ஆணையம், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள நகரங்களுக்கான மானியத்தில் 30 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கும், இன்னொரு 30 சதவீதத்தைத் துப்புரவு, திடக்கழிவுக்கும் ஒதுக்கிக் கட்டிவிட்டது. நாம் கைவைக்க முடிந்தது மீதி 40தான். 'பேங்கில் இவ்வளவு பணம் இருக்கிறதே, என் வார்டுக்கு மின்விளக்கு ஏன் இல்லை' என்று ஒரு கவுன்சிலர் மேசையைத் தட்டும்போது பதில் சொல்லத் தெரியாமல் அதிகாரிகள் விழிப்பதில்லை. அவர் பார்க்கும் பணம் விளக்குக்கு வந்த பணம் அல்ல, அவ்வளவுதான்.

இதற்குச் சென்னையிலேயே நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. பிட்டி தியாகராயர் தலைமை வகித்த சென்னை மாநகராட்சி மன்றம், 1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகக்கூடாது என்று வரம்பு. பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள்; இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரித்தார்கள். 1925 ஏப்ரல் 1ஆம் தேதி அது நின்றது. சிற்றுண்டி சரியில்லை என்றோ பிள்ளைகள் வரவில்லை என்றோ நிற்கவில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று அரசு மறுத்துவிட்டது. பிறகு வேறு வகையில் ஓரளவு மீண்டது, பின்னாளில் மதிய உணவாக மாநிலமெங்கும் வந்தது, அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஒரு மன்றத்தின் ஒற்றைத் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும், தவறான கணக்குத் தலைப்பில் எப்படி இடறி விழும் என்ற இரண்டையும் இந்த ஒரு சம்பவத்தில் பார்க்கலாம். நல்ல காரியம் கொண்டுவருகிறவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கெட்ட காரியம் செய்கிறவர்கள் கணக்குத் தலைப்பைச் சரியாகவே போட்டுவிடுகிறார்கள்.

3. கட்டும் செலவைச் சொன்னால், மாதச் செலவைக் கேளுங்கள்.

திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. மோட்டார் ரிப்பேருக்குக் கல்வெட்டு கிடையாது. அதனால் எல்லோருக்கும் புதிதாகக் கட்டுவதில்தான் ஆசை. பூங்கா கேட்பார்கள், காவலாளிச் சம்பளம் பட்ஜெட்டில் இருக்காது. பொதுக் கழிப்பிடம் கட்டுவார்கள், தண்ணீர் ஏற்றும் மின்கட்டணம் யார் தலையில் என்று பேசியிருக்க மாட்டார்கள். ஆறே மாதத்தில் பூட்டுத் தொங்கும். மானியம் கட்டடத்தைத் தரும், பராமரிப்பு ஊரின் சொந்த வருவாயில்தான் நடக்க வேண்டும். பல நகராட்சிகளில் சம்பளமும் ஓய்வூதியமும் மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதும் போனால் கையில் நிற்பது கொஞ்சம்.

ஆலந்தூரைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று என் காலத்தில் எல்லோரிடமும் சொல்வார்கள். இப்போது அது சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. 2011-க்கு முன் தனி நகராட்சி. 1990களின் பிற்பகுதியில், ஆர்.எஸ்.பாரதி தலைவராக இருந்தபோது, பாதாளச் சாக்கடைக்குக் கடன் மட்டும் போதாதென்று மக்களிடமே முன்வைப்புத் தொகை கேட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இணைப்புக்கு 10,000. இணைப்பு வந்தபின் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய். பள்ளம் தோண்டுவதற்கு முன்பே பணம் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்று அப்படிக் கேட்டால் அடுத்த தேர்தலில் டெபாசிட் போய்விடும் என்று நீங்கள் பயப்படுவீர்கள். அவர்கள் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிக் கணக்கை விரித்தார்கள்: செப்டிக் டேங்க் லாரிக்கு இப்போது நீங்கள் கொடுப்பது இவ்வளவு, இனிக் கொடுக்கப்போவது இவ்வளவு. ஜனங்கள் கொடுத்தார்கள். எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஐயாயிரம் புரட்ட முடியாத வீடுகள் நிறைந்த வார்டுக்குத் தவணை வேண்டும், சில இடங்களில் விலக்கே வேண்டும். ஆனால் மாதச் செலவை முதலிலேயே மேசையில் போட்டுவிட்டு ஆரம்பித்த ஒழுங்கு எந்த ஊருக்கும் ஆகும்.

4. வரி என்றதும் ஓடாதீர்கள்.

சொத்து வரி சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் வெகுகாலம் சீராய்வு இல்லாமல் கிடந்தது. 2018இல் உயர்த்தினார்கள். 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த நேரத்தில், நிறுத்திவைத்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல், மார்ச்சில் பதவியேற்பு, ஏப்ரலில் 25 முதல் 150 சதவீதம் வரை வரி உயர்வு அறிவிப்பு. மாலை வாடுவதற்குள் கவுன்சிலர்கள் ஏச்சு வாங்கினார்கள், பாவம். நிதி ஆணைய மானியம் பெற சொத்து வரியைச் சீராக உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் பின்னால் இருந்தது. வருஷக்கணக்கில் எல்லாக் கட்சியும் தள்ளிப்போட்டதன் பாரம் ஒரே அரையாண்டில் இறங்கியது என்பதே என் கணிப்பு. வருஷத்துக்குக் கொஞ்சமாக உயர்த்துவதை எதிர்த்துக் குரல் கொடுப்பது சுலபம். அப்படிக் குரல் கொடுத்தவர்கள் பிறகு வந்த ஒட்டுமொத்த அடியைத் தடுத்ததை நான் பார்க்கவில்லை.

மக்களிடம் 'மேலிடத்து உத்தரவு' என்று கையை விரிப்பதைவிட, உங்கள் வார்டின் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, பாக்கி யார் பேரில் என்ற பட்டியலை வருவாய்ப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். திருமண மண்டபம் குடியிருப்பு என்று பதிவாகியிருக்கும். மூன்று மாடி ஒரு மாடியாக இருக்கும். இவற்றை மறுஅளவீடு செய்ய வைத்தால், ஓட்டு வீட்டுக்காரருக்காகப் பேச உங்களுக்கு வாய் வரும். அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டென்பதையும் தெருவில் சொல்லுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது.

5. நகராட்சிக் கடைகளின் வாடகை பாக்கிப் பட்டியலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எல்லாப் பொருளிலும் சத்தம் போடுகிற சிலர் அந்தப் பொருளில் மட்டும் ஏன் தண்ணீர் குடிக்க எழுந்துபோகிறார்கள் என்பது விளங்கும்.

6. சாலை வேலைக்கு டேப்போடு போங்கள்.

எஸ்டிமேட் நகல் வாங்குங்கள். எத்தனை மீட்டர் நீளம், எத்தனை அகலம், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று அதில் இருக்கும். இதைப் படிக்க எஞ்சினியரிங் தேவையில்லை. 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தளம் போட வேண்டும், சாலை மட்டம் உயரக்கூடாது என்று உத்தரவிட்டார். சாலை ஏறஏற வீட்டுவாசல் பள்ளமாகி மழைத்தண்ணீர் கூடத்துக்குள் வருகிற தெருக்களில் இருப்பவர்கள் அந்த உத்தரவுக்குக் கோயில் கட்டினாலும் தகும். ஆனால் சுரண்டும் வேலைக்கு எஸ்டிமேட்டில் தொகை போட்டுவிட்டு, தெருவில் சுரண்டாமலே தார் ஊற்றினால் கண்டுபிடிப்பது யார்? வேலை நடக்கும் இரவில் அங்கே நிற்கும் கவுன்சிலர்தான். பில் போவதற்கு முன், வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கில் என்ன அளவு ஏறியிருக்கிறதென்று கேளுங்கள். ஒப்பந்ததாரர் தம் செலவில் பழுது பார்த்துத் தர வேண்டிய காலம் எப்போது முடிகிறதென்று டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் தெருவை நடந்து பார்த்து எழுத்தில் கொடுங்கள்.

இன்னொன்று, பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் வரப்போகிற தெருவுக்கு இப்போதே சாலை கேட்டு அடம்பிடிக்காதீர்கள். ஓட்டுக்காகப் போட்ட சாலையை அடுத்த வருஷமே ஜேசிபி கிழிக்கும்போது திட்டு உங்களுக்கே வரும்.

7. மதிப்பூதியம் பற்றி ஒரு வரி. 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000, நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. இதை வைத்துத் தேர்தல் செலவைத் திரும்ப எடுக்க முடியாது. முடியும் என்று யாராவது வழி சொன்னால், அவர் ஒப்பந்ததாரராகத்தான் இருப்பார்.

8. அம்மா, உங்கள் நாற்காலியில் நீங்களே உட்காருங்கள்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கென்று 2016இல் சட்டம் ஆனது. கூட்டத்துக்கு நீங்கள் வருகிறீர்கள். ஆனால் எஞ்சினியர் அறைக்கு வீட்டுக்காரரோ அண்ணனோ போகிறார். தீர்மானத்தின் உருவம் அந்த அறையில்தான் முடிவாகிறது. அவர் வரட்டும், துணைக்கு வரட்டும். பேச்சு உங்களோடுதான் நடக்க வேண்டும் என்று முதல் மாதமே அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்திவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மாற்றுவது கஷ்டம். தண்ணீர் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை குடம் நிறைகிறது என்பது எந்த எஞ்சினியரையும்விட உங்களுக்குத் தெரியும். அந்த விவரத்தைத் தேதி போட்டு நோட்டில் எழுதிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்த பெண் கவுன்சிலரிடம் வாயடைத்து நின்ற அதிகாரிகள் உண்டு.

9. தூய்மைப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும் பொருள் வந்தால் மெதுவாகப் படியுங்கள்.

மிச்சமாகும் என்று குறிப்பில் ஒரு தொகை இருக்கும். குப்பை குறையவில்லை, தெரு குறையவில்லை, லாரிக்கு டீசல் குறையவில்லை. பிறகு மிச்சம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஆள் எண்ணிக்கையிலிருந்தும் கூலியிலிருந்தும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதைப் பார்க்காமல் பில் தரக்கூடாது என்று தீர்மானத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். விடியற்காலையில் மஸ்டர் என்கிற வருகைப்பதிவு எடுக்கும் இடத்துக்கு எப்போதாவது சொல்லாமல் போய் நில்லுங்கள். தாளில் இருக்கும் பெயர்களும் அங்கே நிற்கும் ஆட்களும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரைச் சாக்கடைக் குழிக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அடைப்பெடுக்க அவசரம் என்று வார்டு ஜனங்கள் நெருக்கினாலும் 'ஆளை இறக்கு' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது.

10. வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 விதிகளில் வந்தவை. தொந்தரவு என்று நினைத்துத் தட்டிக்கழிக்கிறவர்கள் அதிகம். அங்கே மக்கள் கேட்டதை எழுதி, கையெழுத்து வாங்கி, மன்றத்தில் வையுங்கள். நிதி இல்லை என்று உங்களை மறுப்பது சுலபம். கையெழுத்துப் போட்ட நூறு பேரின் தாளை மறுக்க அதிகாரி காரணத்தை எழுத்தில் எழுத வேண்டிவரும்.

11. வெளிநடப்பு செய்வதாக இருந்தால் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

பத்திரிகையில் படம் வரும், சரி. நீங்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே அந்தப் பொருள் ஒருமனதாக நிறைவேறியிருக்கும். எதிர்ப்பு தெரிவிக்கிறேன், காரணம் இது, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள் என்று உரக்கச் சொல்லுங்கள். அன்றே எழுதியும் கொடுத்து, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் தணிக்கைக்கு வருகிறவர்கள் பேச்சைக் கேட்பதில்லை, புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய நடவடிக்கைக் குறிப்பை உறுதிசெய்யும் பொருள் வரும். எல்லோரும் இருக்கை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது தாண்டிப்போகும். அதற்குள் உங்கள் பெயர் போட்ட வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் எழுந்து கேளுங்கள். ஆணையர் பின்னால் திரும்பிப் பார்ப்பார். ஃபைல் கட்டோடு இருப்பவரிடம் நீங்கள் கொடுத்த கடிதம் இருக்கும், எடுத்துக் கொடுப்பார்.