செஞ்சிக் கோட்டைக்குக் கேமராவோடு போகிறவர்களுக்கு: ஆட்டோவா, மேனுவலா?

வல்லம் பக்கம்தான் எங்கள் ஊர். 2025 ஜூலையில், மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ல் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதிலிருந்து வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கோட்டையைப் பார்த்தே ஆக வேண்டும். கூடவே ஒரு கேமராவும் வருகிறது. ராத்திரி உட்கார்ந்து படங்களைப் பார்த்தால் பாதியில் வானம் வெள்ளைத் தாளாக இருக்கிறது, மீதியில் முகம் அடுப்புக்கரியாக இருக்கிறது. "மேனுவல்ல எடுத்திருக்கணுமோ?" என்று என்னிடம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னவைதான் இவை.

1. கேமராவைத் தொடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: மாறப்போவது வெளிச்சமா, எதிரே நிற்பவர்களா? வெளிச்சம் அப்படியே இருக்க, ஆளும் புடவை நிறமும் மட்டும் மாறினால் மேனுவல். நடக்க நடக்க வெயில், மர நிழல், வாசல் இருட்டு என்று வெளிச்சமே மாறிக்கொண்டிருந்தால் ஆட்டோ.

2. ஆட்டோ ஏன் ஏமாறுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு எது வேட்டி, எது பாறை என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் தாத்தாவை நெருக்கமாக எடுத்தால் வேட்டி அழுக்கேறியது போல வரும். கரும்பாறைக் குவியலை எடுத்தால் பாறை வெளுத்துப்போகும். இதற்காக மேனுவலுக்கு ஓட வேண்டாம். கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானோ டயலோ பெரும்பாலான கேமராக்களில் உண்டு. வெள்ளைக்கு ஒரு படி கூட்டுங்கள், கறுப்புக்கு ஒரு படி கழியுங்கள். "வெள்ளை என்றால் வெளிச்சம் அதிகம்தானே, குறைக்க வேண்டாமா?" என்று மனசு நேர்மாறாகச் சொல்லும். கேட்காதீர்கள். மார்கழியில் ஈர வாசலில் போட்ட கோலத்தை எடுத்துப் பழகுங்கள். தரை கறுப்பு, அதனால் கழித்தல். கோலப்பொடியின் நெளிவு அப்போதுதான் நிற்கும்.

3. டயலில் இருக்கும் பச்சைக் கட்டம் குழந்தை கையில் கொடுப்பதற்கு. அதில் பெரும்பாலான கேமராக்கள் கூட்டிக் கழிக்க விடாது, வேண்டாத இடத்தில் பிளாஷும் எழும்பும். ஆட்டோ என்று நான் சொல்வதெல்லாம் அதற்கு அடுத்துள்ளவை. கேனானில் ஏவி, நிக்கானில் ஏ என்று போட்டிருக்கும்: லென்ஸ் திறப்பை நீங்கள் வைத்தால் ஷட்டர் வேகத்தை அது பார்த்துக்கொள்ளும். கேனானில் டிவி, நிக்கானில் எஸ் என்பது இதற்குத் தலைகீழ்.

4. கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறும்போது மேனுவல் வைத்திருப்பது வீண் வீம்பு. ஒரு வளைவில் வெயில், அடுத்த வளைவில் பாறை நிழல், அதற்கடுத்து கோட்டை வாசலின் இருட்டு. உச்சிக்குக் கீழே பிளவின் மேல் போட்டிருக்கும் பாலத்துக்கு வந்து சேரும்போது மூச்சு வாங்கும், கை நடுங்கும். ஏவி, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. அவ்வளவு போதும். ஷட்டர் 1/125-க்குக் கீழே இறங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. குரங்குகளுக்கு ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் டிவி அல்லது எஸ் முறைதான் சரி: 1/500. கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே எடுங்கள், கையில் தின்பண்டம் வேண்டாம்.

6. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மஹாலை உச்சி வெயிலில் எடுக்க மீட்டரே தேவையில்லை. 36 படம் எடுக்கும் பிலிம் ரோல் வாங்கிய காலத்தில் அட்டைப்பெட்டியிலேயே ஒரு கணக்கு அச்சடித்திருப்பார்கள். தெளிந்த வெயில் என்றால் எஃப்/16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கிட்டத்தட்ட சமம். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125. எஃப்/16 வேண்டாம் என்றால் எஃப்/11-க்கு 1/250, எஃப்/8-க்கு 1/500. எல்லாம் ஒரே வெளிச்சம்தான். மேகம் மூடியிருந்தால் எஃப்/8, திறந்த நிழலில் எஃப்/5.6, இரண்டுக்கும் 1/125. நம் ஊர் வெயிலில் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை இந்தக் கணக்கு அவ்வளவாகப் பிசகுவதில்லை. மஹாலின் கூம்புக் கூரை, பக்கத்து மதில், யானைக்குளம், புல்தரையில் நிற்கும் குடும்பம் எல்லாம் ஒரே வெயிலில் இருக்கின்றன. மேனுவலில் ஒரு தரம் வைத்துவிட்டால் அரை மணி நேரம் தொட வேண்டியதில்லை. மேனுவல் சிரமம் என்று சொல்பவர்கள் இந்தச் சுகத்தை அனுபவித்ததில்லை.

7. கோட்டையின் களஞ்சியத்துக்குள் நுழைந்தால் கதை வேறு. உள்ளே மிச்சமெல்லாம் இருட்டு, வாசலில் மட்டும் வெயில். இரண்டும் ஒரே படத்தில் சரியாக வராது, எந்தக் கேமராவாலும் முடியாது. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆள் வேண்டும் என்றால் வாசலுக்குப் பக்கத்தில், முகம் வெளிச்சம் பார்த்திருக்க நிறுத்தி, முகத்தை மட்டும் அளந்து மேனுவலில் வையுங்கள். வாசல் வேண்டும் என்றால் வெளியே அளந்து வையுங்கள், ஆள் கறுப்பு உருவமாக நிற்கட்டும். முக்காலி கொண்டு போகலாமே என்று தோன்றும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அதற்கு முன்அனுமதி வேண்டும். சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு எடுங்கள்.

8. ராஜகிரி மேலிருந்து கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகள், கீழே ஊர், வயல் என்று பல படங்கள் எடுத்து ஒட்டி அகலப் படமாக்கப் போகிறீர்களா? கட்டாயம் மேனுவல். ஆட்டோவில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வந்து, வானம் ஒட்டுத்துணி போலத் தெரியும். சூரியன் இல்லாத, ஆனால் வெளிச்சம் அதிகமான பக்கத்தை அளந்து அதையே கடைசிவரை வையுங்கள். நிறச் சமநிலையையும் ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

9. கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். சிங்கவரம் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பெரும்பாறை ஒன்றில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கேதான். செதுக்கல் அதிக ஆழமில்லை. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரம் போனால்தான் உருவம் எழுந்து நிற்கும், உச்சி வெயிலில் பாறைதான் தெரியும். 24 பேரையும் தனித்தனியாக எடுப்பதானால் மேனுவல், வரிசையாக அடுக்கினால் ஒரே நிறத்தில் இருக்கும். கோவில் கருவறைகளில் மட்டும் கேமராவை மூடியே வையுங்கள்.

10. ஊர்ப்பக்கம் நின்று பார்த்தால் ராஜகிரி மேற்கே இருக்கிறது. அதனால் காலையில் மலை முகம் முழுக்க வெயில், மாலையில் அதன் பின்னால் சூரியன். மாலைப் படத்துக்கு மலையை அளக்காதீர்கள். சூரியனை விட்டுச் சற்றுத் தள்ளிய வானத்தை அளந்து பூட்டிவிட்டு, பிறகு மலையைச் சட்டத்துக்குள் கொண்டு வாருங்கள்.

11. பௌர்ணமி இரவு முழுக்கத் திருவண்ணாமலைக்குக் கிரிவலக் கூட்டம் செஞ்சி வழியாகப் போகும். அந்த விடியற்காலையில் நிலா மேற்கே, மலைப் பக்கம் இறங்கும். ஆட்டோவில் எடுத்தால் இருட்டு வானத்தைப் பார்த்து ஏமாந்து நிலாவை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். மேனுவல், ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/125. நிலாவும் வெயில் பட்ட பாறைதானே! அடிவானம் நெருங்க மங்கும், அப்போது ஒன்றிரண்டு படி திறந்துவிடுங்கள்.

12. போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைத் தள்ளினால் அதுவே கூட்டல், கழித்தல்.

13. கோட்டைக்கு வெளியே, கல்யாண மண்டபத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறதா? குற்றம் விளக்கில். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடியும் பழைய டியூப்லைட்டும் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் நிறுத்துங்கள். மணமகன் வேட்டியும் மணமகள் பட்டும் மாறி மாறி வரும் மேடைக்கு மேனுவல்தான் நல்லது.

14. வீட்டில் பழைய படங்களைப் படமெடுத்து வைக்க ஜன்னலோரம் மேசையைப் போட்டு, பிளாஷை அணைத்து, மேனுவலில் ஒரே அளவு. முதல் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துச் சரிபார்த்தால் நூறு படத்துக்கும் அது போதும். மேகம் வந்தால் நிறுத்தி, மறுபடி அளங்கள்.

15. எடுத்து முடித்ததும் ஐஎஸ்ஓவை 100-க்கும் டயலை ஏவிக்கும் திருப்பிவிட்டுத்தான் கேமராவைப் பையில் போடுங்கள். களஞ்சியத்துக்குள் வைத்த 3200-ஐ மாற்ற மறந்து, மேனுவலிலேயே வெளியே வந்து, வெயிலில் அக்கா குடும்பத்தை வரிசையாக நிறுத்தி ஏழு படம் எடுத்தேன். ஏழும் வெள்ளை.