ஒருமுறை வரும் காசு: யோசனை யாரிடம், புத்தகம் யார் கையில்?



இருபத்தைந்து, முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவருக்கும் கவ்வாத்து வெட்டியவருக்கும் பெரிய தொகை கைக்கு வருவது ஒரே ஒரு தடவைதான். மகளின் கலியாணம், மகனின் முச்சக்கர வண்டி, பழைய கடன், தெரிந்தவர் காட்டிய "நல்ல இடம்" என்று அந்தக் காசு ஆறு மாதத்தில் கரைந்த வீடுகள் எல்லா லயத்திலும் உண்டு. பிறகு அந்தத் தாய் அறுபது வயதிலும் கைக்காசு வேலைக்குப் போகிறாள். இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்? இந்த மாதப் பாடம் அதுதான்.

1. காசு எங்கிருந்து வருகிறது?

மூன்று உண்டியல்கள் இருக்கின்றன.

முதலாவது, ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். தோட்டம் 12 வீதம் போடுகிறது. இரண்டாவது, ஊழியர் நம்பிக்கை நிதி. 1980இல் வந்தது. தோட்டம் மட்டும் 3 வீதம் கட்டும். உங்கள் சம்பளத்தில் இதற்குப் பிடிக்கக் கூடாது. மூன்றாவது, சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருஷம் முடித்தவருக்கு உரியது. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்சம்பளம் 1,350 ரூபா, மாதம் 20 நாள் வேலை என்று வையுங்கள். மாதச் சம்பளம் 27,000 ரூபா. உங்கள் பங்கு 2,160, தோட்டத்தின் பங்கு 3,240. ஆக, சேமலாப நிதிக்கு மாதம் 5,400 ரூபா. நம்பிக்கை நிதிக்கு 810 ரூபா. 25 வருஷச் சேவை என்றால் சேவைக்காலப் பணம் 14 x 1,350 x 25 = 4,72,500 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

2. காசு வருமுன்பே பார்க்க வேண்டியவை

செக்ரோலில் "மாரியாயி", அடையாள அட்டையில் "மாரியம்மா", பிறப்புச் சான்றில் வேறொரு பெயர். இந்த ஒரு காரணத்தால் மாதக்கணக்காக அலைந்தவர்கள் அநேகம். பெயரும் பிறந்த திகதியும் எல்லாக் கடதாசியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கந்தோரிலும் தொழில் அலுவலகத்திலும் கேட்டுத் திருத்துங்கள்.

சம்பளத் துண்டில் பிடித்த காசு நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். சில அரச தோட்ட நிர்வாகங்களில் இந்தக் காசு வருஷக்கணக்காக நிலுவையில் கிடந்தது பாராளுமன்றம் வரை பேசப்பட்ட விஷயம். ஆகவே சம்பளத் துண்டுகளை எறியாதீர்கள். கணக்குக் கூற்று வந்தால் படித்தவரைக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் கோரலாம். ஆனால் வயது வந்துவிட்டது என்பதற்காக உடனே எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. வேலையும் தெம்பும் இருந்தால், அங்கே கிடக்கும் காசு வட்டியோடு வளரும்.

3. யாரிடம் யோசனை கேட்பது?

காசு வரப்போகிறது என்றதும் யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். "அம்மா, பேங்க்ல என்ன கெடைக்குது? எங்ககிட்ட போடுங்க, மாசம் அஞ்சு வீதம் தர்றோம்" என்பார்கள். மாதம் 5 வீதம் என்றால் வருஷத்துக்கு 60 வீதம். எந்த நேர்மையான வியாபாரத்தில் அவ்வளவு லாபம் வரும்?

எவர் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

அ. இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்? தரகு வாங்குபவரின் யோசனை அவர் பையையும் பார்த்துத்தான் வரும்.

ஆ. மத்திய வங்கியின் அனுமதி இருக்கிறதா? அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியலை இலங்கை மத்திய வங்கி வெளியிடுகிறது. அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று மாத்தளையிலும் இருக்கிறது.

இ. எனக்கு அவசரம் என்றால் எத்தனை நாளில் காசு திரும்பும்? எழுத்தில் தருவீர்களா?

2008இல் கோல்டன் கீ கம்பனி விழுந்தபோது காசை இழந்து நின்றவர்களில் நன்றாகப் படித்தவர்களும் இருந்தார்கள். வைப்புப் பணம் வாங்க அதற்கு அனுமதியே இல்லை. அனுமதி இருந்தாலும் ஓர் எல்லை உண்டு. தி ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் 2020 மே மாதம் ரத்தானபோது, காப்புறுதித் திட்டத்தில் ஒருவருக்கு 6 இலட்சம் ரூபா வரைதான் கிடைத்தது. 2021இல் அந்த எல்லை 11 இலட்சமாக உயர்ந்தது. இது ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில் உள்ள மொத்த வைப்புக்கு. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கோ அரசாங்கமே பொறுப்பு.

4. எப்படிப் பிரிப்பது?

அக்குறணையில் பெருமழை பெய்தால் பிங்கா ஓயா பெருகிக் கடைக்குள் தண்ணீர் வரும். அனுபவப்பட்ட கடைக்காரர் எல்லாச் சாமானையும் கீழ்த்தட்டில் வைக்கமாட்டார். நம் காசும் அப்படித்தான்.

ஒன்பது இலட்சம் வந்தது என்று வையுங்கள். முதலில் கழுத்தை நெரிக்கும் வட்டிக் கடனையும் அடகையும் தீர்க்க ஒரு இலட்சம். ஆறு மாத வீட்டுச் செலவுக்கும் மருந்துக்கும் சேமிப்புப் புத்தகத்தில் இரண்டு இலட்சம். மீதி ஆறு இலட்சத்தை மூன்று நிரந்தர வைப்பாகப் போடுங்கள்: மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம். அவசரம் வந்தால் ஒன்றைத் தொட்டால் போதும், மற்ற இரண்டும் கலையாது. மாடு, மரக்கறித் தோட்டம் என்று தொழில் செய்ய ஆசை இருந்தால், தெரிந்த தொழிலில் மட்டும், இதிலிருந்து ஒரு பங்கை எடுங்கள்.

வட்டி முழுவதையும் செலவழிக்காதீர்கள். 2022 செப்டம்பரில் விலைவாசி ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 70 வீதம் கூடியதை மறக்க முடியுமா? நூறு ரூபா வட்டியில் இருபதையாவது முதலோடு சேர்த்தால்தான் காசின் பெறுமதி நிற்கும்.

5. புத்தகம் யார் கையில்?

உழைத்தவர் பெயரில் கணக்கு, உழைத்தவர் கையில் புத்தகம். மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. சேமலாப நிதிக்கு அது வேண்டாம். பிள்ளைகளிடம் யோசனை கேளுங்கள், படிவம் நிரப்பச் சொல்லுங்கள். ஆனால் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொடுக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். "அம்மா நம்பமாட்டேங்குது" என்று பிள்ளை கோபித்தால் பரவாயில்லை. கையில் காசு இருக்கும் தாய் பிள்ளைக்குச் சுமை அல்ல.

வீட்டுப்பாடம்

இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து மூன்று வேலை செய்யுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, சம்பளத் துண்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். பின்னுரித்தாளர் யார் என்று பதிந்திருக்கிறது என்று கேட்டறியுங்கள். அவர் இறந்திருந்தால் மாற்றுங்கள். சேவை வருஷத்தை 14 நாட்சம்பளத்தால் பெருக்கி, அந்தத் தொகையைப் பிள்ளையின் கொப்பியில் எழுதி வையுங்கள். தன் காசு எவ்வளவு என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம்.