கருவியும் அமைதியும்

களமருதூர் மாணவன் ஒருவன் தேர்வுக்கு முதல்நாள் மாலை என் இல்லம் வந்தான். நாடித்துடிப்பைக் காட்டும் சிறுகருவி ஒன்று அவன் விரலைக் கவ்வியிருந்தது. 2021ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய பொழுது, குருதியில் உயிர்வளியின் அளவை அறிதற்பொருட்டு அவன் தந்தையார் வாங்கியது அது. "ஐயா, மனம் அமைதியுற இதனைப் பார்த்துக்கொண்டே அமர்கின்றேன். ஆனால், எண் கூடக் கூட அச்சமும் கூடுகின்றதே!" என்றான். குறை அவன் முயற்சியில் இல்லை. கருவியைத் தேர்ந்த முறையிலேயே இருந்தது.

மாணவர்களே! உள்ளம் கலங்குங்கால் உடல் நான்கு குறிகளைக் காட்டும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், விரல்நுனி குளிரும், தோளும் நெற்றியும் இறுகும். இக்குறிகளை அளந்து, உடனுக்குடன் நமக்கே காட்டி, அதனால் நம்மை அமைதிக்குப் பழக்கும் முறையைப் பயோபீட்பேக் என்பர். இதற்குரிய கருவிகள் இன்று இல்லங்களிலும் புகுந்துள்ளன. அவற்றுள் ஒன்றைத் தேர்வோர் முதலில் ஆராயவேண்டுவது, அது எதனை அளக்கின்றது என்பதேயாம்.

இதற்கு நம் நாட்டில் நிகழ்ந்த ஆய்வொன்று நல்ல சான்றாகும். 1957ஆம் ஆண்டில் வெங்கர், பாக்சி என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவினின்றும் கருவிகளுடன் இந்தியா போந்து, யோகியர் பலரை ஆராய்ந்தனர். தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சார்ந்த ஆனந்த் என்பாரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். இதயத்தை நிறுத்தவல்லோம் என்ற யோகியர் மூச்சை அடக்கி, மார்பு வயிற்றுத் தசைகளை இறுக்கினர். மணிக்கட்டில் நாடி தேய்ந்து மறைந்தது. இதய ஒலியும் கேட்கவில்லை. ஆயினும், இதய மின்வரைவுக் கருவியோ இதயம் இடையறாது துடித்தமையைக் காட்டியது. தசையின் இறுக்கத்தால் இதயத்திற்கு மீளும் குருதி குறைந்தமையே நாடி மெலிந்ததற்குக் காரணம். அவ்வாய்வு 1961ஆம் ஆண்டில் வெளிவந்தது. கை அறிந்தது வேறு. கருவி அறிந்தது வேறு. இரண்டும் பொய்யல்ல, ஒவ்வொன்றும் தனக்குரியதை மட்டுமே கூறிற்று.

இனி, இல்லத்திற்குரிய கருவிகளைக் காண்போம். உள்ளங்கை வியர்வையை அளப்பது, மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தோலிற் செலுத்தி அறியும். அது விரைந்து காட்டும். ஆனால் கதவோசை கேட்டுத் திடுக்கிட்டாலும் ஏறிவிடும். விரல் வெப்பத்தை அளப்பது எளியது, விலை குறைந்தது. ஆனால் மெல்லவே மாறும். கல்வராயன் மலையின் மார்கழிக் குளிரில் அமைதியுற்றவன் விரலும் குளிர்ந்தே இருக்குமன்றோ? தசையிறுக்கத்தை அளப்பது தோள்வலியும் தலைவலியும் உடையார்க்குப் பயன்படும். அதனை ஒட்டும் இடம் அறிந்து ஒட்டல்வேண்டும். தலையில் அணியும் மூளையலைப் பட்டை, கண் இமைத்தாலும் பல்லைக் கடித்தாலும் மயங்கும். ஆதலின் தொடக்கத்தார்க்கு ஏற்றதன்று.

மூச்சுப் பயிற்சி செய்வார்க்கு உகந்தது, இதயத்தின் ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியே காட்டும் கருவியாம். மூச்சை வாங்கும்பொழுது துடிப்பு விரையும், விடும்பொழுது தணியும். நிமிடத்திற்கு ஆறு முறை அளவில் மெல்ல மூச்சுவிடின் இவ்வேற்றக்குறைவு நன்கு புலனாகும். அம்மாணவன் விரலில் இருந்த கருவியோ, சில நொடித் துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி காட்டுவது. நோயை அறியச் செய்த அக்கருவியில் அவன் காணவேண்டிய அசைவு மறைந்துபோயிற்று. அஞ்சவேண்டாத எண் மட்டும் எஞ்சிற்று.

அக்கருவியைக் கழற்றி வைக்கச் சொன்னேன். மூச்சை அடக்காமல், மெல்ல வாங்கி, அதனினும் மெல்ல விடச் செய்தேன். இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடியை உணரச் சொன்னேன். சிறிது நேரத்தில் அவன் முகம் மலர்ந்தது. "ஐயா, மூச்சை விடும்பொழுது நாடி மெதுவாக நடக்கின்றது!" என்றான். பின்னர் அவன் எண்ணைத் தேடவில்லை.

ஆதலின், மாணவர்களே, கருவியை வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இஃது எதனை அளக்கின்றது? என் பயிற்சியின் பயனை உடனே காட்டுகின்றதா? பழகிய பின் இஃதின்றியும் என்னால் அமைதியுற இயலுமா? நெஞ்சுவலியோ மயக்கமோ உண்டாயின் கருவியை நாடாது மருத்துவரை நாடுங்கள். நடக்கப் பழகும் குழந்தை நடைவண்டியை விட்டுவிடுவது போல, உடலின் குறிகளைத் தானே உணரக் கற்றவன் கருவியை விட்டுவிடுதல் வேண்டும். அங்ஙனம் விடுதற்கு உதவுவதே நற்கருவி.